நாற்பது பக்க நிபந்தனைகள்

சிவில் டிப்ளமோ முடித்து இரண்டு வருடமாகியும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துவிட்டு, தேவகோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறிக் காரைக்குடியில் ஒரு ஜாப் டைப்பிங் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கடையில் இரண்டு டைப்ரைட்டர்களும் அடிக்கடி சூடாகி நின்றுவிடும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் இருந்தன. எதிர்ச்சாரியில் அரசுக் கட்டட வேலைகளுக்கு டெண்டர் விடும் அலுவலகம் ஒன்று. அதனால் எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் காண்ட்ராக்டர்கள். ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திவிட்டு, உட்காராமல், "சீக்கிரம்மா, மூணு மணிக்குப் பெட்டியப் பூட்டிருவாக" என்று அவசரப்படுத்துகிறவர்கள்.

அந்தக் கணவன் மனைவி மட்டும் அவசரப்படவில்லை. ஒரு காலை நேரம் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கடையில் இருந்த மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தார்கள். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கொத்தனார். இருபது வருடமாக மற்ற காண்ட்ராக்டர்கள் எடுத்த வேலைகளைக் கட்டிக்கொடுத்தவர். கையெழுத்தைத் தமிழில் மெதுவாகப் போடுவார், அவ்வளவுதான் எழுத்து. மனைவி எட்டாவது வரை படித்தவர். பச்சையும் மஞ்சளுமாகப் பின்னிய வயர்கூடையில் காகிதங்களை வைத்திருந்தார்.

"சொந்தப் பேருல பதியணும் தாயி. காண்ட்ராக்டராத்தான், சின்ன வேலை எடுக்குற அஞ்சாம் வகுப்புல. என்னென்ன வேணுமோ நீயே அடிச்சுக் குடு" என்றார் அந்த அக்கா.

நான் விண்ணப்பத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்று. வருமான வரி பாக்கி இல்லை என்று ஒன்று. விற்பனை வரிக்கு ஒன்று. செய்த வேலைக்கு அனுபவச் சான்று. பிறகு முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி: இந்தத் துறையில் என் நெருங்கிய உறவினர் எவரும் பணியில் இல்லை.

அக்கா யோசித்தார். "இவுக பெரியம்மா மகனோட மச்சினன் மதுரையில டிரைவரா இருக்காரு. கவர்மென்டு ஜீப்புத்தான். எந்தத் துறைன்னு தெரியலையே."

"அது நெருங்கின சொந்தத்துல வராதுக்கா."

"வராதா? கல்யாணத்துக்கெல்லாம் மொறையா வந்துருவாரே" என்றார் கொத்தனார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. பொய்யாக எதிலும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது என்ற பயம் அது.

சான்றுகள் சேர்வதற்கு ஆறு மாதம் ஓடியது. அக்கா ஒரு சான்றோடு வருவார். அதற்கு நகல் எடுத்து, அட்டெஸ்டேஷன் வாங்க அனுப்புவோம். அது திரும்பி வருவதற்குள் வேறொன்றின் காலம் முடிந்துபோகும். சிவகங்கைக்கு மட்டும் எத்தனை தடவை பஸ் ஏறினார் என்று தெரியாது. ஒருமுறைகூட அவர் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து போவதே தனக்கு ஓய்வுதான் என்பார்.

பதிவு கிடைத்த பிறகு முதல் டெண்டர். அதில் ஒரு நிபந்தனை இருந்தது: டிப்ளமோ படித்த தொழில்நுட்ப உதவியாளர் ஒருவரைக் காண்ட்ராக்டர் வேலைக்கு வைத்திருக்க வேண்டும். அந்த ஆளின் சான்றிதழும் சம்மதக் கடிதமும் இணைக்கப்பட வேண்டும். கடை முதலாளி என்னைக் கை காட்டினார்.

"இந்தப் புள்ளைட்ட இருக்கே டிப்ளமா. எல்லா காண்ட்ராக்டரும் இப்படி ஒரு சர்ட்டிபிகேட்ட வாங்கித்தான் வைக்கிறாக. நீ அங்குட்டுப் போகவே வேணாம்மா. ஒரு கையெழுத்துத்தான்."

என்னோடு படித்த மூன்று பேர் அப்படிச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். நானும் கொடுத்தேன். அந்த டெண்டரை நிரப்பியதும் நான்தான். கொத்தனார் ஒவ்வொரு வேலைக்கும் விலை சொல்லச் சொல்ல, எண்ணிலும் எழுத்திலும் ஆங்கிலத்தில் எழுதினேன். பூச்சு வேலைக்கு எழுத்தில் எழுதும்போது ஒரு வார்த்தை பிசகிவிட்டது. வொயிட்னர் தடவி, ஊதி, அதன் மேல் சரியாக எழுதினேன். அவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். உறையில் வைத்து அரக்கு முத்திரை பதித்துக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார்கள்.

சாயங்காலம் நான்கரை மணிக்கு இருவரும் திரும்பி வந்தார்கள். கொத்தனார் உள்ளே வராமல் வாசலில் நின்றார். அக்கா என் எதிரே உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"நம்ம ரேட்டுத்தான் கொறைச்சல் தாயி. ஆபீசரு வாசிச்சதும் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. அப்புறம் பக்கத்தப் பொரட்டுனாக. வெள்ளை அடிச்ச எடத்துல இவுக கையெழுத்து இல்லையாம். திருத்துனா பக்கத்துல தேதியோட கையெழுத்து வேணுமாம். தள்ளுபடின்னுட்டாக."

அந்த விதி எனக்குத் தெரியும். எத்தனையோ காண்ட்ராக்டர்களுக்கு நானே விரல் வைத்துக் காட்டி, "இங்க ஒரு கையெழுத்து" என்று சொல்லியிருக்கிறேன். இவர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

"அக்கா, அது என் தப்பு" என்றேன். "உங்க தப்பில்ல. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆபீசரும் நல்ல மனுசந்தான்" என்றார் பிறகு. "எனக்கும் வருத்தமா இருக்கும்மா, ஆனா இத நான் விட்டா நாளைக்கு என்னையக் கேப்பாகன்னாரு. அவரு சொன்னதும் சரிதான். எழுதிப் போட்டுருக்குல்ல. எழுதிப் போட்டத நாங்க வாசிக்கல. நீ வாசிச்சும் மறந்துட்ட." கொஞ்சம் நிறுத்தி, "அந்த டெண்டர் கட்டுல எத்தனை பக்கம் இருக்கு?" என்று கேட்டார்.

"நிபந்தனை மட்டும் நாப்பது பக்கம் இருக்கும்க்கா."

"அடுத்த டெண்டருக்கு முன்னாடி அம்புட்டையும் எங்களுக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டு. ஒரு வரி விடாம."

கடையில் அதற்கு நேரம் கிடையாது. அடுத்த டெண்டர் பள்ளத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு வகுப்பறைப் பள்ளிக் கட்டடம். படிவத்தை வாங்கியதும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வரச் சொன்னேன். காலைப் பூசை முடிந்து நாங்கள் கோயிலிலிருந்து திரும்பும்போதே இருவரும் வாசலில் நின்றார்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வாசித்தோம். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நான் திணறும் இடங்களில் உதவிக்கு வந்தார். அந்த ஆங்கிலம் அவரையே திணறடித்தது. ஒரு வாக்கியம் முக்கால் பக்கம் ஓடும். "எழுவாயக் காணோமே" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு இருவருமாகப் பிரித்து, சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்வோம்.

கொத்தனார் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்குகிறார் என்று நினைத்தால், "அந்தக் கலவை அஸ்திவாரத்துக்கா, மேல் சுவத்துக்கா? திருப்பிப் படி தாயி" என்பார். நான் தவறான வரியை வாசித்திருப்பேன். பொருள், கலவை, கட்டிய சுவரை நனைப்பது பற்றிய பக்கங்களில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இத்தனை நாள் கையால் செய்ததற்கெல்லாம் காகிதத்தில் ஓர் எண் இருப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

அக்காவுக்கு அந்தப் பக்கங்களில் ஆர்வமில்லை. முதல் இரண்டு வாரமும் என் அம்மாவோடு சேர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். மூன்றாவது ஞாயிறு தொழிலாளர் பற்றிய பகுதிக்கு வந்தோம். குடிக்க நல்ல தண்ணீர் வைக்க வேண்டும். முதலுதவிப் பெட்டி வைக்க வேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தர வேண்டும். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் வேலை செய்தால், குழந்தைகளுக்கு நிழலான கொட்டகை போட்டு, பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வைக்க வேண்டும்.

அக்காவின் கை கீரையில் நின்றுவிட்டது.

"இது எப்ப எழுதுனது?"

"ரொம்ப வருசமா இருக்கும்மா. இந்தப் படிவம் பழசு" என்றார் அப்பா.

"எல்லா கவர்மென்டு வேலைக்கும் இப்படித்தானா?"

"எல்லாத்துக்கும்தான்."

அவர் முறத்தைத் தள்ளி வைத்தார். பேசும்போது குரல் உயரவில்லை. "நான் பதினாறு வயசுல சித்தாளாப் போனவ. மூத்தவளப் பெத்து மூணாம் மாசம் வேலைக்கு வந்துட்டேன். அதுவும் கவர்மென்டு ஆஸ்பத்திரிக் கட்டடம். வேப்பமரத்துல சேலையக் கட்டித் தொட்டி போட்டுருந்தேன். எறும்பு ஏறி புள்ளைக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. கத்துறது எனக்குக் கேக்குது. தலையில கலவைச் சட்டி. மேஸ்திரி எறக்க விடல. ஒரு தடவ பால் குடுக்கப் போயிட்டியில்ல, மறுக்கா என்னான்னாரு." கணவரைத் திரும்பிப் பார்த்தார். "இவுகளும் அங்கதான் நின்னாக. சாரத்து மேல."

கொத்தனார் கண்ணைத் திறந்திருந்தார். எழுந்து போய்க் கொல்லையில் முகம் கழுவிவிட்டு வந்தார்.

அந்த நிபந்தனையை நான் மறுபடி பார்த்தேன். இத்தனை பெண்கள் வேலை பார்த்தால் என்று ஓர் எண்ணிக்கை போட்டிருந்தது. சின்ன வேலையில் அத்தனை பேர் வரமாட்டார்கள். ஆகவே எங்களுக்குக் கொட்டகை கட்டாயமில்லை. அதையும் சொன்னேன், வரி விடக் கூடாது என்பது ஒப்பந்தமாயிற்றே.

"நாலு புள்ளைன்னா வெயில் அடிக்காதோ?" என்றார் அக்கா.

அடுத்த பக்கம் திருப்பினேன். தொழில்நுட்ப உதவியாளர் பற்றிய பத்தி. அவர் வேலை நடக்கும் இடத்தில் முழுநேரமும் இருக்க வேண்டும், அளவுகளையும் கம்பி கட்டுவதையும் சரிபார்க்க வேண்டும் என்று வாசித்துக்கொண்டே போனவள், பாதியில் நிறுத்திவிட்டேன்.

"அது நீதானே?" என்றார் அக்கா.

"அது... சும்மா பேப்பருக்குத்தான்க்கா. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"அப்ப இந்தக் கொட்டகையும் பேப்பருக்குத்தான். ஆஸ்பத்திரி கட்டுன காண்ட்ராக்டரு அப்படித்தான நெனைச்சுருப்பாரு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அம்மா அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அப்பா படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை கிடைக்கவில்லை என்று இரண்டு வருடமாக எல்லோரிடமும் குறைப்பட்டவள், என் வேலையை வெறும் காகிதமாகக் கொடுத்துவிட்டு டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"வேலை கெடைச்சா நான் சைட்டுக்கு வாரேன்க்கா" என்றேன்.

இந்த முறை உறையை ஒட்டுவதற்கு முன் அக்கா ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். வொயிட்னர் எங்காவது சொரசொரப்பாகத் தட்டுப்படுகிறதா என்று. கொத்தனாருக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டு விரல் மரத்துவிட்டது. கரணை பிடித்து வலிக்காத கை பேனா பிடித்து வலிக்கிறது என்றார். டெண்டர் எங்களுக்கே வந்தது. தெருமுனையில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, எனக்குப் பாதி மூடியைக் கொடுத்தார்கள்.

வீட்டில் பேச்சு எழுந்தது. பெண்பிள்ளை செங்கல் சூளைக்காரர்கள், லாரிக்காரர்கள் நடுவே போய் நிற்பதா என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "போயிட்டு வரட்டும். படிச்சது அதுக்குத்தான்" என்று மட்டும் அப்பா சொன்னார். கடை முதலாளி அரை நாள் வேலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டைப்ரைட்டருக்கு உறை போட்டு மூடிவிட்டு வந்தேன்.

தேவகோட்டையிலிருந்து காரைக்குடி, அங்கிருந்து பள்ளத்தூர் பஸ், இறங்கி ஒரு மைல் நடை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடையும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு முதல் நாள் போய் நின்றபோது, இடத்தைச் சமன் செய்துகொண்டிருந்தவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நான் கணக்குப் போட்டு மூலைக்கு மூலை நாடா பிடித்தேன். கொத்தனார் நூல் கட்டி மூலைமட்டம் பார்த்து ஏற்கெனவே குறித்திருந்தார். இரண்டும் ஒன்றாகவே வந்தது. "இப்ப என்ன செய்யட்டும்ணே?" என்று கேட்டேன். "எனக்கும் தெரியல தாயி. இதுக்கு முன்னாடி இந்த வேலைக்குன்னு யாரும் சைட்டுக்கு வந்ததில்ல" என்றார்.

கொட்டகையை அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே போட்டார்கள். நான்கு மூங்கில், மேலே கீற்று, மூன்று பக்கம் தட்டி. முட்டிவலியால் சட்டி தூக்க முடியாத ஒரு சித்தாளைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உட்கார வைத்தார் அக்கா. பானையில் தண்ணீர். ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சும் மருந்தும். கொத்தனார் இதிலெல்லாம் தலையிடவில்லை. வீண் செலவு என்று நினைக்கிறார் போலும் என்று நான் நினைத்தேன். மறுநாள் நான் வந்தபோது அவர் தனியாகக் கொட்டகைக்குள் குந்தியிருந்தார். தரை முழுவதும் சிமெண்டுக் கலவை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தரை போடணும்னு கண்டிஷன்ல இல்லையேண்ணே" என்றேன்.

"எறும்பு வரும்ல" என்றார், தலை நிமிராமல்.

நான் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அஸ்திவாரம் குறித்த பக்கம் போய்விட்டேன்.

அஸ்திவாரம் தோண்டும்போது வடகிழக்கு மூலை மட்டும் பொதபொதவென்று இறங்கியது. மற்ற இடமெல்லாம் கடப்பாறை தெறிக்கும் செம்பாறை மண். அந்த மூலையில் எந்தக் காலத்திலோ ஒரு பள்ளம் இருந்து மண் போட்டு மூடியிருக்கிறார்கள். அலுவலகத்து உதவிப் பொறியாளர் வந்து பார்த்தார். சின்ன வயதுக்காரர், பத்து சைட்டுகளுக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் அலைகிறவர். "கெட்டி மண் வர்ற வரைக்கும் இறங்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நிபந்தனையில் ஒரு வரி இருந்தது. வரைபடத்துக்கு மாறாக எது செய்தாலும் அதைப் பொறியாளர் சைட் ஆர்டர் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான் அக்காவைப் பார்த்தேன்.

கொத்தனார் என்னைத் தடுத்தார். "வேணாம் தாயி. நம்பாம எழுதிக் கேட்டோம்னு நெனைப்பாக. மொத வேலை, அவரப் பகைச்சுக்கிட்டு எங்குட்டுப் போக?"

அக்கா அதற்குள் வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார், கையில் அந்த ஆர்டர் நோட்டோடு. "சார், ஒரு எழுத்து எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

அவர் முகம் சுருங்கியது. "ஏம்மா, நான் சொன்னாப் பத்தாதா?"

"பத்தும் சார். நாங்க படிக்காதவுக. நீங்க சொன்னத நாளைக்கு நாங்களே மாத்திச் சொல்லிப்புடுவோம். அதுக்குத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கையில் பிடித்திருந்த வரைபடத்தைப் பார்த்தார். பிறகு பெட்ரோல் டாங்கின் மேல் நோட்டை வைத்து நான்கு வரி எழுதினார். எழுதும்போதே கொஞ்சம் சிரித்தார். "டெக்னிகல் அசிஸ்டெண்டை நான் சைட்ல பாக்குறது இதான் மொத தடவை. இருக்கட்டும், நல்லதுதான்."

சுவர்கள் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் கண்டிப்பானவர். அளவுப் புத்தகத்தைப் புரட்டியவர், அந்த மூலையில் அஸ்திவாரம் ஏன் இவ்வளவு ஆழம் என்று கேட்டார். யார் சொன்னது? கொத்தனாரின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் ஆர்டர் புத்தகத்தை நீட்டினேன். வாசித்தார். மறுபடி வாசித்தார். "சரி" என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு அடுத்த அளவுக்குப் போனார். அவ்வளவுதான் நடந்தது. அன்று மத்தியானம் கொத்தனார் தன் தூக்குச்சட்டியிலிருந்து அயிரைமீன் குழம்பு ஊற்றிய சோற்றில் கொஞ்சம் எடுத்து என் டிபன் பாக்ஸ் மூடியில் வைத்தார். அதன் பிறகு எனக்குத் "தாயி" போய் "இஞ்சினியரு" வந்தது.

எல்லா நிபந்தனையையும் நாங்கள் நிறைவேற்றினோம் என்று சொன்னால் அது பொய். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற வரியில் தடுக்கி விழுந்தோம். காங்கிரீட் போடும் நாளில் ஆண்களும் பெண்களும் ஒரே வரிசையில் நின்று ஒரே சட்டியைத்தான் கை மாற்றுவார்கள். கூலி மட்டும் வேறு வேறு. அக்கா அதைச் சமமாக்க வேண்டும் என்றார். அவர்கள் வீட்டில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. "சுத்துப்பட்டுல எவனும் குடுக்கல. நான் மட்டும் குடுத்தா நாளைக்கு ஆம்பளை ஆளு ஒருத்தன் வரமாட்டான்" என்றாராம் கொத்தனார். கடைசியில் காங்கிரீட் நாட்களில் மட்டும் சமமாகக் கொடுப்பது என்று முடிவானது. இரண்டே நாட்கள். மற்ற நாட்களில் பழைய வழக்கம்தான். அக்கா அதைப் பற்றி என்னிடம் பேசும்போது, "பாதிக் கண்டிஷன் நெறவேத்துனா பாதி டெண்டரத் தள்ளுவாகளா?" என்று கேட்டார். கூலி கொடுக்கும் சனிக்கிழமைகளில் அவர் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்காமல் கொடுப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

கட்டடம் முடிந்தது. சுண்ணாம்பு அடித்து, கதவுகளுக்கு நீல வண்ணம் பூசினோம். ஒப்படைக்கும் முன் தற்காலிகக் கட்டுமானம் எல்லாவற்றையும் அகற்றி இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதும் நிபந்தனைதான். மாட்டுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்திக் கீற்றையும் மூங்கிலையும் பிரிக்கத் தொடங்கினோம். பள்ளித் தலைமை ஆசிரியை வந்து, மதிய உணவுக்குப் பிள்ளைகள் உட்கார அந்தக் கொட்டகை இருக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தார். அக்காவுக்கு ஆசைதான். விதி விதிதான் என்று பொறியாளர் சொல்ல, கொத்தனார் கடப்பாறை எடுத்துத் தான் போட்ட தரையைத் தானே பெயர்த்தார். ஒரு காலைப்பொழுது வேலை. அந்தச் சிமெண்டுக் கட்டிகளைப் பள்ளி வாசலில் மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் போட்டு நிரவிவிட்டார். அதைப் பொறியாளர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேலை முடித்ததற்கான சான்று வாங்க, கட்டடம் கட்டியதைவிட அதிக நாள் ஆனது. அலுவலகத்தில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக அந்தக் காகிதத்துக்கு ஒரு மாதம். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஒருவர் விடுப்பில், ஒருவர் பயிற்சியில், ஒருவருக்கு மகள் கல்யாணம். அக்கா அந்தக் கல்யாணத்துக்கும் போய் மொய் வைத்துவிட்டு வந்தார். சான்று கைக்கு வந்த அன்று மூன்று ஜெராக்ஸ் எடுக்கப் பழைய கடைக்கே போனோம். என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதலாளி காசு வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்து போட்ட டெண்டரில் நாங்கள் மூன்றாவதாக வந்தோம். விலை கூடுதல், வேறு குறை ஒன்றும் இல்லை. பெட்டி திறந்து வாசித்து முடித்ததும், எங்களைவிடக் குறைவாகப் போட்டவரோடு கொத்தனார் டீக்கடையில் நின்று சிமெண்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா வயர்கூடையைத் திண்டில் வைத்துவிட்டு என்னிடம், "இன்னைக்கு எனக்கு நெஞ்சு அடிச்சுக்கல பாரு" என்றார். பார்க்கவும் தெளிவாகத்தான் இருந்தார். ஒரு பன் வாங்கி இரண்டாகப் பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

அதற்கு அடுத்தது கிடைத்தது. கண்டனூர் பக்கம் ஒரு சத்துணவுக் கூடம், அடுப்படியும் சாமான் அறையும். சின்ன வேலைதான். திங்கட்கிழமை காலை, பள்ளத்தூர் பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய், கண்டனூர் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, அளவுநாடாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று கேட்டார். கட்டட வேலைக்குப் போகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.